மணிக்கட்டு வரை சுண்ணாம்பு

மன்னாவிளை வேதக்கோயிலில் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, சாலோமி பாதி வழி வருகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பதினேழு வயசுப் பெண். கல்யாணத்துக்கு, மூன்று ஞாயிறு சபைக்கு அறிவிக்கிற ஓலையை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை யாரோ எவரோ இல்லை, தாய்மாமன் மகன் ஜெபசீலன். பாவாடை கட்டின நாளிலிருந்து மனசில் இருப்பவன். இப்படிப்பட்டவள் துள்ளிக்கொண்டல்லவா வர வேண்டும்? இவளோ காலைச் செம்மண்ணில் தேய்த்துத் தேய்த்து வந்தாள்.

“என்னட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வார?” என்றாள் அம்மா சாரம்மாள்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பாடு? ஜெபசீலன் எதும் சொன்னானா?”

“அவுக என்ன சொல்லப் போறாவ? உபதேசியார்தான் சொல்லுதாரே, ஊரே கேக்க. சுவிசேஷமுத்து மகன் ஜெபசீலன்னு வாசிக்காரு. எனக்கு மட்டும் சாரம்மாள் மகள் சாலோமியாம். இந்த ஊர்ல எந்தப் பிள்ளைக்காவது அம்மா பேரச் சொல்லி ஓலை வாசிச்சிருக்காவளா? நான் என்ன, அப்பன் இல்லாமயா பெறந்தேன்?”

சாரம்மாளுக்குச் சுருக்கென்றது. நடையை எட்டிப் போட்டாள்.

சாலோமி அப்பன் இல்லாமல் பிறக்கவில்லை. நேசையா என்று ஒருவன் இருந்தான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசத்துச் சாயங்காலம், ஊருக்குத் தெற்கே ஓடைக்கரைப் பனையின் தூரில் பின்மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு கள்ளுக் கலயம். வாயிலும் நெஞ்சிலும் கள் நாற்றம். சாலோமிக்கு அப்போது ஐந்து வயசு.

மன்னாவிளை பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே ஏழு மைல். வடக்கே ஒரு மைல் போனால் ஆறும் வயலும். இந்தப் பக்கம் முழுக்கச் செம்மண்ணும் பனையும்தான். ஊர் முழுக்க வேதக்காரர்கள். ஊருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, கள் இறக்கக் கூடாது. பதநீர் இறக்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம். இரண்டும் ஒரே பாளையில் சொட்டுவதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். ஒரு கைச் சுண்ணாம்புதான் வித்தியாசம். அந்த ஒரு கைச் சுண்ணாம்பில்தான் நல்லவன், கெட்டவன், சபை, புறம்பு எல்லாம் இருந்தது.

நேசையா திருட்டுத்தனமாகக் கள் இறக்கினான், குடித்தான், விழுந்தான் என்று போலீசும் எழுதிக்கொண்டது, சபையும் எழுதிக்கொண்டது. பேரேட்டில் அவன் பேரைக் கோடு போட்டு அடித்தார்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமரத்துப் பக்கம் புதைத்தார்கள். சாரம்மாள் அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. தினமும் ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தவன், பிள்ளை தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னவன், இத்தனை நாள் நடித்தானே என்று கோபம். அந்தக் கோபத்தில் இன்றைய தேதி வரைக்கும் அவள் அந்த உடைமரத்துப் பக்கம் போகவில்லை. எது தன் புருசன் கிடக்கிற மண் என்று கேட்டால் காட்டத் தெரியாது.

அவளைக் காப்பாற்றியது அண்ணன் சுவிசேஷமுத்து. நேசையா ஏறின மரங்களையும் சேர்த்து அவனே ஏறினான். விடிகாலையில் தன் பங்கு, பிறகு தங்கச்சி பங்கு. ஒரு நாளைக்கு இரண்டு தரம் எண்பது மரம் ஏறி இறங்கினால் மனுசன் என்ன ஆவான்? நெஞ்சுத் தோல் கட்டை மாதிரி காய்த்துப்போய், நாற்பத்தைந்து வயசிலேயே கூன் விழுந்துவிட்டது. ஒரு நாள் தவறினதில்லை. காவடியில் பதநீர் வந்து சாரம்மாள் விடிலியில் இறங்கிவிடும். அந்த ஓலைக் குடிசையில் அவள் காய்ச்சுவாள், சிரட்டையில் ஊற்றுவாள், அந்தக் கருப்பட்டியில்தான் சாலோமி வளர்ந்தாள். குடிகாரன் மகள் என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போனபோது, “எம்மவனுக்குத் தா சாரா” என்று கேட்டதும் அவன்தான்.

வியாழக்கிழமை பத்து மணி வெயிலில் விடிலி வாசலில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. சாரம்மாள் சட்டியில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். பதநீர் கொதித்துப் பாகாகிக் கூப்பனிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். சாலோமி காவோலை பொறுக்கப் போயிருந்தாள்.

“பயப்படாதே தாயி. கலயம் பாக்க வரல” என்றார் வந்தவர். கிழட்டு ஏட்டு. மீசை நரைத்திருந்தது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. “என்னத் தெரியுதா?”

தெரியாமலா? தில்லைநாயகம் ஏட்டு. திருநெல்வேலி டவுண்காரர், சைவப் பிள்ளை. அன்றைக்கு நேசையா கேசை எழுத வந்தவர்.

“தெரியுது ஏட்டையா. அன்னைக்கு அந்தா அந்த வேம்பு நெழல்ல நின்னு எழுதுனீய. கிட்ட வரல.”

அவர் வாசலில் கிடந்த பனந்தடியில் உட்கார்ந்தார். ஓலைப்பட்டையை மடித்துப் பதநீரை உயர்த்தி ஊற்றினாள். பச்சை ஓலைக்குத் தீட்டில்லை என்பதால் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எண்ணெய் பட்டு மூலை மடங்கின பழைய நோட்டு.

“அடுத்த மாசத்தோட எனக்கு உத்தியோகம் முடியுது. இந்த ஒரு வருசமா கள்ளுப் பிடிக்கிற அப்காரிக்காரங்களோட என்னைச் சுத்த விட்டுட்டாங்க. ஊர் ஊராப் போயி கலயத்துக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாக்கணும். சுண்ணாம்பு இருந்தா பதநி, விட்டுரு. இல்லன்னா கள்ளு, ஆளப் பிடி. இதுதான் வேலை. அதுக்கு முன்ன எனக்கு இந்த விவரமே தெரியாது. கள்ளுப்பனை வேற, பதநிப்பனை வேறன்னுதான் நெனச்சிருந்தேன். சிரிக்காதே.”

“நான் சிரிக்கலயே.”

“போன மாசம் ஒரு பனையேறி மரத்துல இருந்து எறங்குதான். கையப் பாக்கேன். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை. என்னலே இதுன்னு கேட்டா, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுனா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதான். அன்னைல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல தாயி. வீட்டுப் பெட்டியக் கொடஞ்சு இந்த நோட்ட எடுத்தேன். கேளு.” கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து வாசித்தார். “‘வலது கையில் விரல் முதல் மணிக்கட்டு வரை சுண்ணாம்பு. வெற்றிலை போடும் வழக்கமுள்ளவன்.’ நான் எழுதுனது. என் கையெழுத்து. வெத்தலைக்கு மணிக்கட்டு வரைக்கும் சுண்ணாம்பெடுக்கிறவன் எவன்? ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்லா?”

“அவரு வெத்தல போட மாட்டாரு” என்றாள் சாரம்மாள்.

“கையில சுண்ணாம்பு இருந்தது ஒனக்குத் தெரியுமா?”

“நாந்தானே கழுவுனேன். தேங்காநாரு போட்டுத் தேச்சேன். நகக்கண்ணுல இருந்தது போகவே இல்ல.”

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“எங்கண்ணன்கிட்டச் சொன்னேன். அண்ணே, கையெல்லாம் சுண்ணாம்பா இருக்கே, கள்ளு எறக்குன கையில சுண்ணாம்பு ஏதுன்னு கேட்டேன். காலையில பதநி மரத்துல தடவுனது, ரெண்டும்தான் எறக்கியிருக்கான்னு சொன்னாவ. சரின்னுட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “ஆனா…”

“ஆனா?”

“மத்தியானம் கஞ்சி குடிச்சாரே.” அவள் கண் எங்கேயோ போயிற்று. “பயத்தந் தொவையலு. கை கழுவ நாந்தான் செம்புல தண்ணி ஊத்துனேன். சுண்ணாம்புக் கைன்னு ரெண்டு தரம் ஊத்துனேன். சுத்தமான கையோடதான் எந்திரிச்சுப் போனாரு. பதநிப் பானை இங்கனயே இருந்துச்சு. எடுத்துட்டுப் போகல. அப்பம் எங்க மரத்துல ஏறல…”

ஏட்டு நோட்டை மூடினார். அவளே ஒவ்வொரு படியாக இறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“அப்பம் ஓடைப்பனையிலதான் சுண்ணாம்பு தடவியிருக்காரு. கள்ளுக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவியிருக்காரு.”

பின்னால் சட்டி பொங்கியது. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும், குழந்தைக்கும் தெரியும். அவள் கையில் முத்து இருந்தது. போடவில்லை. நுரை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்து, விடிலி முழுக்கத் தீய்ந்த வாடை.

“தன் கலயத்துக்கு ஒருத்தன் மெனக்கெட்டுச் சுண்ணாம்பு தடவிக் கள்ளக் கெடுக்க மாட்டான்” என்றார் ஏட்டு பைய. “வேற ஒருத்தன் கலயம். அன்னைக்கு எனக்குச் சாட்சி சொன்னவன் ஒருத்தன்தான். ‘நேசையா இந்த மரத்துல கள்ளு எறக்குததக் கண்ணால பாத்தேன்’னு சொன்னான். ஒங்கண்ணன். அவன் பொய் சொன்னான்னு எனக்குத் தெரியும். எதுக்குச் சொன்னான்னு தெரியல. நீ, கழுவும்போது சுண்ணாம்பு இருந்துச்சுன்னு ஒரு வாக்குமூலம் குடு, கேச மறுபடி எடுக்கலாம். என் நோட்டு மட்டும் போதாது. ‘நீயே வெத்தலைன்னு எழுதியிருக்கியே ஓய்’னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. ஒம் புருசன் பேரு சுத்தமாயிட்டா சபையிலயும் சேப்பாங்க. மதிலுக்குள்ள கொண்டாந்து வைக்கலாம். ஒம் மக ஓலையில அவன் பேர வாசிப்பாங்க.”

கடைசிச் சொல் அவளைப் பிடித்து உலுக்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“பத்தடி ஏட்டையா. அந்த வேம்புக்கும் அவருக்கும் பத்தடிதான். பனையேறி பொணம் தீட்டுன்னு தள்ளி நின்னு, கம்பால கையத் திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தீய. பத்தடி நடந்து வந்து அந்தக் கையப் பிடிச்சுப் பாத்திருந்தா, பன்னிரண்டு வருசம் எம் புருசன நான் வைதிருப்பேனா? நாசமாப் போவான்னு சொன்னேன் ஏட்டையா, செத்த மனுசன. எம் பிள்ளை முன்னாலயே சொன்னேன்.”

“ஆமா” என்றார் தில்லைநாயகம். நோட்டை மடியில் செருகிக்கொண்டார். “சனிக்கெழமை வாரேன்” என்று எழுந்து போனார். வெயிலில் அந்தச் சிவப்புத் தொப்பி ரொம்ப தூரம் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலப் பதநீரைச் சுவிசேஷமுத்து கொண்டுவந்தபோது அவள் முகம் கொடுக்கவில்லை, தலைவலி என்றாள். ராத்திரி முழுக்க ஒன்றுதான் மனசில் ஓடியது. அண்ணன் ஏன் இந்தப் பன்னிரண்டு வருசமாக ஓடைக்கரை வழியே நடப்பதில்லை? விறகுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அரை மைல் சுற்றித்தான் போவான். தங்கச்சி புருசன் விழுந்த இடம், மனசு தாங்கவில்லை என்று ஊரே மெச்சிக்கொண்டது. அவளும்தான் மெச்சினாள்.

வெள்ளிக்கிழமை காலை காவடி வந்து இறங்கியது. சுவிசேஷமுத்து பதநீரை வடிகட்டிச் சட்டியில் ஊற்றினான். கை மணிக்கட்டு வரை வெள்ளை. அதைத் தினமும் பார்க்கிறவள்தான், அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“அண்ணே.”

“என்னம்மா?”

“அன்னைக்கு அவரு யார் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுனாரு?”

சுவிசேஷமுத்து காவடிக் கம்பைச் சுவரில் சாத்தப் போனான். கம்பு நிற்கவில்லை, சரிந்து விழுந்தது. அதை எடுக்கவில்லை. அப்படியே அடுப்புச் சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மறுப்பான், கோபப்படுவான், எவன் சொன்னது என்று சத்தம் போடுவான் என்று ஒரு மூலையில் அவள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதைச் செய்யவில்லை.

“என் கலயத்துக்குத்தான் சாரா.”

அவள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“அந்த வருசம் பாட்டம் குத்தகை எதுவும் இல்லாத ரெண்டு ஓடை மரத்துல யாருக்கும் தெரியாம மூணு கலயம் கட்டியிருந்தேன். நேசையா கண்டுபிடிச்சிட்டான். ‘வேண்டாம் மச்சான், சபைக்குத் தெரிஞ்சா அசிங்கம்’னு ரெண்டு தரம் சொன்னான். நான் கேக்கல. அன்னைக்குப் போறேன், எம் மரத்து உச்சியில இருக்கான். கள்ளக் கொட்டிட்டுக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருக்கான். சுண்ணாம்பு தடவிட்டா அது பதநிதானே, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதேன்னு அவனுக்கு யோசனை. ‘எறங்குலே’ன்னு கத்துனேன். சிரிக்கான். ‘இன்னும் ஒரு கலயம்தான் மச்சான், முடிஞ்சிரும்’ங்கான். எனக்குக் கண்ணு தெரியல. கல்ல எடுத்து எறிஞ்சேன். பயம் காட்டத்தான் எறிஞ்சேன். எங்க பட்டுச்சோ தெரியல, கை விட்டுட்டான்.”

அடுப்பில் ஓலை சடசடவென்று எரிந்தது.

“உயிரு இருந்துச்சா?” என்றாள்.

“இருந்துச்சு.”

“பேசுனாரா?”

“தண்ணின்னான்.” சுவிசேஷமுத்து சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். “சித்திர மாசம் ஓடையில சொட்டுத் தண்ணி ஏது? ஆறு ஒரு மைலு. நான் ஓடிட்டு வாரதுக்குள்ள போயிருவானோன்னு பயம். எங்கிட்ட அடுத்த மரத்துக் கள்ளு ஒரு கலயம் இருந்துச்சு. அதான் இருந்துச்சு. அவன் தலைய மடியில தூக்கி வச்சு ஊத்துனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நான் தாடையப் பிடிச்சு ஊத்துனேன். தாகம் தீரட்டும்னுதான் ஊத்துனேன் சாரா, சத்தியமா தாகம் தீரட்டும்னுதான். ‘மச்சான், எம் பிள்ளை’ன்னான். அதோட சரி. ஆளுக வந்து பாத்தாவ. கள்ளு நாத்தம். குடிச்சிட்டு விழுந்துட்டான்னு அவுகளே பேசிக்கிட்டாவ. ஆமான்னு சொல்லிட்டேன். மொதல்ல ஒரு ‘ஆமா’தான், ஏட்டு வந்து கேட்டப்பம் கண்ணால பாத்தேன்னும் சொல்லிட்டேன். பெறகு ஏறி அந்த மரத்து ரெண்டு கலயத்தையும் எடுத்து ஒடச்சுப் போட்டேன். அதுக்குப் பெறகு நான் கள்ளக் கையால தொட்டதில்ல.”

சாரம்மாள் துடுப்பை எடுத்தாள். அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். அவன் அசையவில்லை. மறுபடி அடித்தாள். எண்பது மரம் ஏறி வளைந்த முதுகு, துடுப்புதான் தெறித்தது. அவள் கீழே உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்து விடிலியில் ஆள் இருந்தது.

“ஏட்டு ஊருக்குள்ள வந்து போனதாச் சொன்னாவ. நானே போயிச் சொல்லிருதேன். தூக்குன்னாலும் சரி, தீவாந்திரத்துக்கு அனுப்புனாலும் சரி. என்னால சொமக்க முடியல. ஒவ்வொரு மரத்துலயும் ஏறி நின்னுக்கிட்டு, கைய விட்டுருவமான்னு பாப்பேன். நீயும் பிள்ளையும் என்ன குடிப்பியன்னு நெனப்பு வரும். எறங்கிருவேன்.”

அப்போதுதான் சாலோமி உள்ளே வந்தாள், கையில் ஆவி பறக்கிற கிண்ணம். பதநீரில் அவித்த பயறு. மாமன் வருகிற நேரத்துக்கென்று செய்தது.

“மாமா, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க. நீங்க என்ன சாம்பல்ல உக்காந்திருக்கிய? ஏம்மா, ஒங் கண்ணு என்ன இப்படி?”

“பொகை” என்றாள் சாரம்மாள்.

“அத்தை நேத்து வந்தாவ மாமா. சேலை செவப்பா பச்சையான்னு கேட்டாவ. அவுகளுக்குச் செவப்புதான் பிடிக்குமாம்.” அவுக என்றால் ஜெபசீலன். சொல்லும்போதே பெண்ணுக்குக் கழுத்து வரை வெட்கம் ஏறியது. கிண்ணத்தை மாமன் கையில் திணித்துவிட்டு ஓடிப்போனாள்.

சுவிசேஷமுத்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். சாரம்மாள் மகள் தூரப் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நீரு ஒண்ணும் சொல்லப்பிடாது” என்றாள். அண்ணே என்று கூப்பிடுகிற வாயிலிருந்து ‘நீரு’ வந்தது. “நீரு சொல்லிட்டு உம்ம பாரத்த எறக்கி வச்சிருவீரு. எம் மவ எங்க எறக்கி வைப்பா? ஊர்ல ரெண்டு பேரு வேண்டாம்னு போனாவ. மூணாவதா மனசுக்குப் பிடிச்சவன் வந்திருக்கான். அவன் ஒரு பாவமும் அறியான். ஒங்கப்பனக் கொன்னது ஒம் மாமன்னு சொன்னா அவ கட்டுவாளா? கட்டாட்டி உயிரோட இருப்பாளா? நீரு செமயும். சாகுற வரைக்கும் செமயும். மரத்துல இருந்து கைய விடவும் கூடாது. அப்படிச் செஞ்சா உம்ம ஆண்டவரு மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்.”

“சாரா…”

“பயத்தச் சாப்பிடும். பிள்ளை வந்து பாப்பா.”

அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குத் தில்லைநாயகம் வந்தார். காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. குனிந்து விடிலிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். திருநீற்று நெற்றியில் புகை அப்பியது.

“சொல்லு தாயி. மெள்ளச் சொல்லு. எழுதிக்கிடுதேன்.”

“எழுதுங்க ஏட்டையா. எம் புருசன் ஒடம்ப நாந்தான் கழுவுனேன். கையில சுண்ணாம்பு இல்ல.”

பேனா நின்றது. “என்ன சொல்லுத?”

“இல்ல. மண்ணுதான் இருந்துச்சு. வெள்ளை மண்ணு.”

“முந்தாநாளு நகக்கண்ணுல இருந்து போகலன்னு சொன்னியே! நோட்டுல நான் எழுதியிருக்கேனே தாயி. மணிக்கட்டு வரைன்னு எழுதியிருக்கேனே.”

“நீங்க பத்தடி தள்ளி நின்னு பாத்தவரு. நான் தொட்டுக் கழுவுனவ. உங்க கண்ணு சரியா, என் கை சரியா?”

தில்லைநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருசம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். பொய் சொல்கிற முகம் எது என்று அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வெட்டிப் போட்டிருந்த தென்னங்கீற்று வாசலில் கிடந்ததையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். யார் மகன் மாப்பிள்ளை என்றும் ஊருக்குள் கேட்டிருந்தார்.

“ஒம் புருசன் மதிலுக்கு வெளியவே கெடப்பானே” என்றார். “நான் செஞ்ச தப்பு இது. சரி பண்ணவே முடியாதா?”

“முடியாது ஏட்டையா” என்றாள். “உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது.”

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தெற்கே திரும்பினார். ஓடைக்கரைப் பனையடியில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாளையங்கோட்டைப் பாதையில் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே சாரம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கும்போது ஒரு மைல் நடந்து ஒரு செம்புத் தண்ணீரா என்று சாலோமி கேட்டாள்.

“வேணும்” என்றாள். கோயிலுக்குக் கிளம்பும்போது மகள் தலையைக் கோதிவிட்டவள், “ஒங்கப்பா நல்லவருட்டி. குடிக்கவே மாட்டாரு” என்றாள்.

சாலோமி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இதச் சொல்ல ஒனக்குப் பன்னிரண்டு வருசமா?”

கோயிலில் உபதேசியார் மூன்றாம் ஓலையை எடுத்தார். காற்று சன்னலை அடித்துக்கொண்டிருந்தது. “மன்னாவிளை சுவிசேஷமுத்து மகன் ஜெபசீலனுக்கும், மேற்படி ஊர் சாரம்மாள் மகள் சாலோமிக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருப்பதால், இவர்களைச் சேர்த்துவைக்கக் கூடாதபடிக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போது சொல்லக்கடவீர்கள். இது மூன்றாந்தரம்.”

ஆண்கள் பக்கம் சுவிசேஷமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். உபதேசியார் வழக்கம்போல் கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். சாரம்மாளின் நாக்கு நுனியில் ஒரு பேர் வந்து நின்றது. நேசையா மகள் என்று வாசியுங்கள் ஐயா, நேசையா மகள். பல்லைக் கடித்துக்கொண்டாள். உபதேசியார் ஓலையை மடித்தார். அவ்வளவுதான், முடிந்தது.

வெளியே வந்ததும் பெண்பிள்ளைகள் சாலோமியைச் சூழ்ந்துகொண்டு கேலி பண்ணினார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சாரம்மாள் படியோரம் மூடி வைத்திருந்த செம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். கல்லறைத் தோட்டத்து மதிலைச் சுற்றி, உடைமரத்துப் பக்கம்.

போய்ப் பார்த்தால், அங்கே மூன்று மேடு இருந்தது. சிலுவையில்லை, கல்லில்லை, பேரில்லை. மழையில் கரைந்து மூன்றும் ஒரே அளவாக இருந்தன. எது? இதுவா, அதுவா? புருசனைப் புதைத்த இடம் தெரியாத பாவியாகி நின்றாள். யாரிடம் கேட்பது? கேட்டால் ஊர் சிரிக்காதா?

மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சுவிசேஷமுத்துதான், அவள் நிற்கிற பக்கம் வரத் துணியாமல் அங்கேயே நின்றான்.

“நடுவுல உள்ளது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் கவனித்தாள், நடு மேட்டில் மட்டும் ஒரு முள் இல்லை, ஒரு புல் இல்லை. யாரோ வருசக்கணக்காகச் செதுக்கிச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார்கள். யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அழுவதா ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை.

முழங்கால் போட்டாள். தலைமாடு எது என்று பார்த்து, செம்பைச் சாய்த்தாள். சித்திரை மண் சர்ரென்று உறிஞ்சியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சாய்த்தாள், மடக்கு மடக்காகக் குடிக்கிறவனுக்கு ஊற்றுவது போல.

“தண்ணிதான்” என்றாள். “ஆத்துத் தண்ணி. மூஞ்சியத் திருப்பாதீய. குடிங்க.”